பால் குடித்தால் இதயம் கெட்டுவிடுமா?

"நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பால் விஷம், இரத்தக் குழாயை அடைத்துவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. இதை நம்பி, ராத்திரி குடிக்கிற ஒரு டம்ளர் பாலைப் பெரியவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த 'ப்யூர்' ஆய்வு, இந்தியா உட்பட 21 நாடுகளில் சுமார் 1,36,000 பேரை ஏறக்குறைய 9 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பால், தயிர் வகைகளைத் தினம் இரண்டு பங்குக்கு மேல் (ஒரு பங்கு என்றால் சுமார் ஒரு கிளாஸ் பால் அல்லது ஒரு கப் தயிர்) சாப்பிட்டவர்களுக்கு, அவற்றைத் தொடாதவர்களைவிட இதயநோயும் பக்கவாதமும் குறைவாகவே இருந்தன. பால்தான் காப்பாற்றியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் விஷமாக இருந்தால் கணக்கு இப்படியா வந்திருக்கும்?

மறுபக்கமும் உண்டு. 2014-இல் வந்த ஸ்வீடன் ஆய்வில், தினம் மூன்று கிளாஸோ அதற்கு மேலோ பால் குடித்த பெண்களிடையே இறப்பு அதிகம். அதே ஆய்வில் தயிர், சீஸ் சாப்பிட்டவர்களிடம் அது குறைவு. வாட்ஸ்அப்பில் இந்த இரண்டாவது பாதி வருவதே இல்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது பாக்கெட்டின் நிறத்தை. ஆவின் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. ஆரஞ்சுப் பால் 200 மில்லி என்றால் 12 கிராம் கொழுப்பு. அதில் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. எல்டிஎல் என்ற அந்தக் கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமுள்ளவர்களும், இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களும் நீலத்துக்கு மாறலாம். காய்ச்சி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே தடிமனாக ஆடை கட்டும். அதை எடுத்துவிட்டாலே கொழுப்பு கணிசமாகக் குறையும். (அந்த ஆடையைச் சேர்த்துவைத்து நெய் உருக்கினால் அந்தக் கொழுப்பு வேறு வழியாகத் தட்டுக்கு வந்துவிடும்.)

அப்புறம் சர்க்கரை. ஒரு நாளைக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 30 கிராமைத் தாண்டிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பழியை மட்டும் பால் சுமக்கிறது.

பல் போன, பசி குறைந்த பெரியவர்களுக்கு ஒரு டம்ளர் பாலில் கிடைக்கும் ஆறேழு கிராம் புரதம் பெரிய விஷயம். பாலை நிறுத்திவிட்டுச் சர்க்கரை போட்ட கட்டன் சாயாவும் பன்னும் சாப்பிடுவதில் இதயத்துக்கு என்ன லாபம்? உங்கள் வீட்டில் யாராவது நிறுத்தியிருந்தால், அவர்களின் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் கேளுங்கள். பாலோடு சேர்த்துப் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்களா என்று முதலில் பாருங்கள்.