கெயினைக் குறைத்தால் கரகரப்பு போய்விடாது

ஹியரிங் எய்டில் சத்தம் உடைந்து கேட்டால் ஃபிட்டிங் சாஃப்ட்வேரில் (கருவியைக் காதுக்கு ஏற்ப அமைக்கும் மென்பொருள்) மொத்த கெயினையும், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவையும், இறக்கினால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் செய்தால் பேச்சும் சேர்ந்து கேட்காமல் போகும், உடைசல் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

முதலில் எப்போது உடைகிறது என்று பாருங்கள். எப்போதுமே கரகரப்பு என்றால் சாஃப்ட்வேர் பக்கமே போக வேண்டாம். காது மெழுகு உள்ளே போகாமல் தடுக்கும் வடிகட்டியை மாற்றி, புது பேட்டரி போட்டு, ஸ்டெத்தோகிளிப்பில் (கருவியின் ஒலியை நாமே கேட்டுப் பார்க்கும் குழாய்) கேளுங்கள். நிறைய கேஸ் அங்கேயே முடிந்துவிடும். புல்லாங்குழல், போன் மணி மாதிரி நீண்ட ஒற்றைச் சுரத்துக்கு மட்டும் நடுங்கி இழுத்தால் அது கருவியின் விசில் சத்தத்தை அடக்கும் ஃபீட்பேக் கேன்சலர் அந்தச் சுரத்தையே விசில் என்று நினைத்து அழிக்கப் பார்க்கிற வேலை. காதில் இருக்கிற அதே டோம் (காதுக்குள் போகும் சிலிக்கான் நுனி), அதே ரிசீவர்தான் (கருவியின் குட்டி ஸ்பீக்கர்) சாஃப்ட்வேரிலும் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து (இதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள்) ஃபீட்பேக் டெஸ்டை மறுபடி ஓட்டுங்கள், இசைக்குத் தனி புரோகிராம் போட்டு அதில் கேன்சலரைக் குறையுங்கள்.

கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் உடைகிறது என்றால் கதை வேறு. ஒலியை 16 பிட் எண்களாக மாற்றும் கருவி தாங்குவது சுமார் 96 டெசிபல் வீச்சுதான். அதை மீறுகிற ஒலி டிஜிட்டலாக மாறும் இடத்திலேயே நசுங்கிவிடுகிறது, கெயின் வருவதோ அதற்கு அப்புறம். நசுங்கியதை எவ்வளவு குறைத்தாலும் மெதுவாகக் கேட்கிற உடைசல்தான் கிடைக்கும். அதற்கு மைக் துளை மேல் மூன்று நான்கு அடுக்கு செலோடேப் ஒட்டுவது எவ்வளவோ மேல், சிரிக்காதீர்கள், உள்ளே போகிற சத்தம் சுமார் 10 டெசிபல் இறங்கும்.