ஐஜிஜி அறிக்கையை நம்பி உணவை நிறுத்தாதீர்கள்

உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை உதவும் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். இதை ஏற்க முடியவில்லை. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டாலே அதற்கான ஐஜிஜி ரத்தத்தில் இருக்கும். அது நோயின் அடையாளம் அல்ல. உடனடி ஒவ்வாமையில் பங்கு வகிப்பது ஐஜிஇ (IgE) என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம். இப்படியொரு அறிக்கையைப் பார்த்துப் பால், கோதுமை, முட்டை என்று வரிசையாக நிறுத்தியதில் என் அக்கா மகள் எடை குறைந்து வாடிப்போனாள். வளர்கிற பிள்ளைக்கு இதைச் செய்யலாமா?

இன்னொன்று, முடி வளர பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரையை அதிக அளவில் எடுப்பவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சில ஆய்வக முறைகளில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) உண்மையைவிடக் குறைவாகவும் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகமாகவும் காட்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இலேயே பயோட்டினால் வரும் இந்த மாதிரிக் குழப்பம் பற்றி எச்சரித்தது. எத்தனை நாள் முன்பு மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள்.