கொடிக்கயிறும் விடுதலைப் பத்திரமும்

கல்யாணமான பெண்ணைப் பற்றிக் கதை எழுத உட்காருகிறவர்களில் பாதிப் பேர் முதல் பக்கத்திலேயே ஒரு கொடுமைக்கார மாமியாரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். அதோடு கதை படுத்துவிடுகிறது. மாமியார் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றல்லவா ஆகிறது?

எழுத்தாளர் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ ராஜஸ்தானில் நடக்கிற சிறுகதை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மலை. தெற்கிலிருந்து வந்த மருமகள் சமையலறைப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாக்கலாம் என்கிறாள். பதிலுக்கு ஜன்னலுக்கு முன்னால் துணி காயப்போடக் கொடி கட்டுகிறார்கள். மலை சேலைகளுக்குப் பின்னால் போய்விடுகிறது. சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் சேர்வராயன் மலை தெரிகிற வீடுகளில் அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இந்தக் கதையைப் படியுங்கள்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நம்ம பக்கத்துக் கதை. திருச்செங்கோடு 1997 வரை சேலம் மாவட்டம்தான். அதில் கணவன் காளி கெட்டவனே இல்லை, மனைவி பொன்னாமேல் உயிராக இருக்கிறான். அப்படியிருந்தும் பிள்ளை இல்லாதவள் என்று நல்ல காரியங்களில் அவளை ஒதுக்குவது நிற்கவில்லை. நாவலின் பலமே அங்கேதான். நல்ல புருஷனாலும் தடுக்க முடியாத ஒன்றைக் காட்டுகிறது.

இன்னும் சரியாக எழுதப்படாத ஒரு விஷயம், சொத்து. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 25-3-1989 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவளுக்குக் கிடையாது. ஓமலூரில் ஒரு வீட்டில் அக்காவுக்கு 1988இல் தாலி ஏறியது, தங்கைக்கு 1990இல் என்று வையுங்கள். ஒரே அப்பா, ஒரே காடுகழனி. தங்கைக்குப் பங்கு, அக்காவுக்குச் சீர். 9-9-2005இல் வந்த மத்தியத் திருத்தம் இந்த வேறுபாட்டை எடுத்தது. ஆனாலும் 20-12-2004க்கு முன் முறையாகப் பாகம் பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது. இந்தத் தேதிகளைக் கவனிக்காமல், 1995இல் அக்கா தங்கைக்குச் சமமாகப் பங்கு கேட்டுக் கோர்ட்டில் ஜெயிப்பதாக எழுதினால் கதை அங்கேயே உடையும்.

கொலுசு வேலையும் அப்படித்தான், விவரம் கவனிக்காமல் எழுதக் கூடாது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டுத் திண்ணையில் வளையம் கோக்கிற பெண்ணை ‘வீட்டில் சும்மா இருக்கிறாள்’ என்று எழுதாதீர்கள். எத்தனை எடை வெள்ளி வாங்கினாள், கூலி யார் கைக்குப் போனது என்று எழுதுங்கள்.

பங்கு இருக்கிற தங்கையும் பெரும்பாலும், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாள். யாரும் மிரட்ட வேண்டியதில்லை. நாளைக்குப் பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டுமே! அந்தக் காட்சியை எழுதுகிறவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தோடு நிறுத்தாமல், அன்று மதியம் அண்ணன் வீட்டில் அவளுக்குக் கறிச்சோறு போட்டார்களா, பஸ் ஏற்றிவிட்டார்களா என்பதையும் எழுதுங்கள்.