தடுப்புச் சுவரை மேலே ஏறி நின்றும் பாருங்கள்

குன்னூர் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் ஒரு தடுப்புச் சுவர் வேலை நடக்கிறது. சுவரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2009 நவம்பரில் சில நாள் மழைக்கே நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். என் ஆதங்கமெல்லாம், பொறியாளர்கள் சாலையில் நின்றபடியே வரைபடம் போட்டுவிடுகிறார்களே என்பதுதான்.

முதலில் தண்ணீர். தென்மேற்குப் பருவமழை கூடலூரில் கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பயம் ஐப்பசி, கார்த்திகையில்தான். மேலே தோட்டத்தில் இறங்கிய தண்ணீர் சுவருக்குப் பின்னால் வந்து தேங்கும். மண்ணின் பாரத்தோடு அந்த அழுத்தமும் சேர்ந்தால் கான்கிரீட்டே முன்னால் சாயும். அதற்காகத்தான் சுவரில் வரிசையாகக் குழாய் வைப்பது. எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள சுவரை அடைமழையில் போய்ப் பார்த்தேன். ஒரு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து விரிசலில் செம்மண் தண்ணீர் கசிகிறது. பின்னால் ஜல்லி போடாமல், தோண்டிய மண்ணையே தள்ளி மூடியிருக்கிறார்கள். குழாய் வாயில் சேறு அடைத்துவிட்டது. வெளியே நின்று குழாயை எண்ணுகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

அடுத்தது யானை. ஹில்குரோவ் பக்கம் மலை ரயில் பாதையோரம் எழுப்பிய சுவர் யானைக் கூட்டத்தை மறித்து நிறுத்தியது, 2022-இல் இடித்தார்கள். எங்கே லத்தி கிடக்கும், எந்தத் தடத்தில் குட்டியோடு இறங்கும் என்று வேட்டைத் தடுப்புக் காவலரைக் கேட்டால் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

யானைக்காவது பேச ஆள் உண்டு. கொழுந்து எடுக்கும் அக்காமாருக்கு யார் இருக்கிறார்கள்? தோட்டத்திலிருந்து சாலைக்கு இறங்க மண்மேட்டில் வெட்டிய படி இருந்தது. இப்போது அங்கே ஆள் உயரச் சுவர். ஒரு அக்கா மூட்டையை முதலில் கீழே உருட்டிவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து திரும்பி, அந்தக் குழாய் நுனியில் கால் வைத்து இறங்குகிறார். மழையில் அது பாசி பிடித்து வழுக்கும். பழைய கருங்கல் சுவர்களில் கல்லையே வெளியே நீட்டிப் படி விட்டிருப்பார்கள் மேஸ்திரிகள். அந்த யோசனை எங்கே போனது?

இடத்துக்கு இடம் விடை மாறும். ஓரிடத்தில் கம்பி வலைக்குள் கல் அடுக்கினால் போதும், தண்ணீர் தானாக வடியும். இன்னோரிடத்தில் கான்கிரீட்தான் தாங்கும். எது என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

எங்கள் சுவரை இன்னும் நீட்டப்போகிறார்களாம், அளவு எடுத்துப் போயிருக்கிறார்கள். எஸ்டிமேட் போடும் முன் இன்னொரு முறை வாருங்கள், மழை பெய்யும் நாளாகப் பார்த்து. சாயங்காலம் இலை எடை போடும் நேரமென்றால் அந்த அக்காமாரும் இருப்பார்கள். படி எங்கே வேண்டுமென்று அவர்களே காட்டுவார்கள்.