உலகின் நீளமான நடைமேடை காரக்பூரில் இல்லை

"உலகிலேயே நீளமான ரயில்வே நடைமேடை மேற்கு வங்கத்தின் காரக்பூர் சந்திப்பில் இருக்கிறது" என்ற பொது அறிவுத் துணுக்கு வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

இது ஒரு காலத்தில் உண்மைதான். சுமார் 1,072 மீட்டர் நீளத்தோடு காரக்பூர் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 2013-ல் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் சந்திப்பு சுமார் 1,366 மீட்டரோடு அதை முந்தியது. பெயர்களும் ஒன்றுபோல ஒலிப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

அப்புறம் கோரக்பூரும் இறங்கிவிட்டது. 2023 மார்ச் 12 அன்று கர்நாடகத்தின் ஹூப்ளி சந்திப்பில் 1,507 மீட்டர் நடைமேடை திறக்கப்பட்டது. அதாவது ஒன்றரை கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவே இருபது நிமிடம் ஆகும். கின்னஸ் பதிவும் இதற்குத்தான். வெறும் சாதனைக்காகக் கட்டியதும் அல்ல. பெங்களூரு, கோவா பக்கம் போகும் லோண்டா, கிழக்கே கதக் என மூன்று திசைப் பாதைகள் கூடும் இடம் ஹூப்ளி. தென்மேற்கு ரயில்வேயின் தலைமையகமும் அங்கேதான். நீண்ட நடைமேடை இருந்தால் இரண்டு ரயில்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, இரு திசைகளிலும் கிளப்பலாம்.

இன்னொரு குழப்பம்: இந்த நிலையத்தின் இப்போதைய பெயர் ஸ்ரீ சித்தாரூட சுவாமிஜி ஹுப்பள்ளி. 2020-ல் மாற்றினார்கள். விடைத்தாளில் எந்தப் பெயர் வந்தாலும் ஊர் ஒன்றேதான்.