பழைய டீச்சர் வந்திருக்காங்க

ஜப்பானில் ஜெட் என்றொரு அரசுத் திட்டம் உண்டு. 1987-இல் தொடங்கியது. வெளிநாட்டு இளைஞர்களைக் கூட்டி வந்து, பெரும்பாலும் அரசுப் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராகப் போடுவார்கள். ஓராண்டு ஒப்பந்தம். நீட்டித்தாலும் 5 ஆண்டுக்கு மேல் கிடையாது. பலருக்கு டோக்கியோ, ஒசாகா எல்லாம் வாய்க்காது. ஏதாவது ஒரு மீன்பிடி ஊரில் கொண்டுபோய் விடுவார்கள். ஊருக்கே ஒரே வெள்ளைக்காரி. மளிகைக்கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'சென்செய்'. நம் மொழியில் டீச்சர்.

2011 மார்ச் 11 சுனாமியில் இப்படி வந்த இருவர் இறந்தார்கள். இஷினோமாகியில் டெய்லர் ஆண்டர்சன், வயது 24. ரிகுசென்தகாதாவில் மான்டி டிக்சன், வயது 26. நிலநடுக்கம் முடிந்ததும் டெய்லர் பள்ளியிலேயே நின்று, பிள்ளைகள் பெற்றோரிடம் போய்ச் சேரும்வரை உதவிவிட்டு, அப்புறம்தான் சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். பிற்பாடு அவர் பெற்றோர் ஒரு நிதி தொடங்கி, அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்களும் அலமாரிகளும் கொடுத்தார்கள். அலமாரி செய்த தச்சர் தன் மூன்று பிள்ளைகளையும் அதே சுனாமியில் பறிகொடுத்தவர். அந்தப் பிள்ளைகளுக்கும் டெய்லர்தான் டீச்சர். இதைப் படித்த அன்று போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சொல்ல வந்தது திரும்பி வந்தவர்களைப் பற்றி. எப்போதோ அங்கே பாடம் நடத்திவிட்டுத் தங்கள் நாட்டுக்குப் போய் வேறு வேலை, குடும்பம் என்று இருந்தவர்கள் செய்தி கேட்டு மறுபடி வந்தார்கள். சேறு அள்ளினார்கள், பணம் திரட்டினார்கள். அரசுத் தரப்பும் பழைய ஆசிரியர்கள் சிலரை அவர்கள் வேலை பார்த்த பகுதிகளுக்கே அழைத்தது. வந்து பாருங்கள், பார்த்ததை உங்கள் ஊரில் போய்ச் சொல்லுங்கள் என்று.

முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. ஓசி டிக்கெட்டில் ஒரு விளம்பரம் என்றுதான் நினைத்தேன். தேவையும் இருந்தது. 2010-இல் 86 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2011-இல் 62 லட்சம் பேர்தான் வந்தார்கள். அதே சுனாமியில் சேதமான ஃபுகுஷிமா அணு உலைக்குப் பயந்து கிளம்பிய வெளிநாட்டவரை 'ஃப்ளைஜின்' என்று கிண்டல் வேறு செய்துகொண்டிருந்தார்கள். (பிள்ளைகுட்டியோடு இருப்பவன் பயந்து போனால் என்ன தப்பு? அந்தக் கிண்டல் எனக்கு இன்றும் ஒப்பவில்லை.)

டோக்கியோவில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது சுனாமி அடித்த அந்த வடகிழக்குக் கரைக்குப் போய் வந்தேன். மனம் மாறியது அங்கேதான். வெளியில் இருந்து பார்ப்பவனுக்கு ஜப்பான் வரைபடத்தில் ஒரு புள்ளி, முழுக்கக் கதிர்வீச்சு. ஆனால் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. அந்தக் கரையில் மட்சுஷிமா விரிகுடாவில் உள்ள தீவுகள் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டதால், பக்கத்து ஊர்களை விட அங்கே சேதம் குறைவு. இதை அமைச்சகம் சொன்னால் யார் நம்புவார்கள்? அங்கே குடியிருந்து, மீன் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்ட டீச்சர் சொன்னால் அவருடைய அம்மாவாவது நம்புவார். செய்தியாளருக்கு வெறும் மண்மேடாகத் தெரிகிற இடத்தில், இங்கேதான் நான் தினமும் ரொட்டி வாங்கிய கடை என்று அவரால்தான் காட்ட முடியும்.

செத்த ஊருக்குச் சுற்றுலாவா என்று கேட்பவர்கள் உண்டு. நம் பக்கம் துக்கம் விசாரிக்கப் போவதில்லையா? சாவுக்கு வர முடியாதவர் ஆறு மாதம் கழித்து வந்தாலும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவோம். அங்கே சிப்பி வளர்ப்பவருக்கும் விடுதி நடத்துபவருக்கும் வேண்டியதும் அதுதான். யாராவது வந்து சாப்பிட வேண்டும், ஒரு ராத்திரி தங்க வேண்டும். ஹச்சினோஹேயில் இருந்து சோமா வரை கடலோரமாகச் சுமார் 1000 கிலோமீட்டருக்கு மிச்சினோகு நடைபாதை போட்டு 2019-இல் முழுதாகத் திறந்தார்களே, அதில் எனக்குப் பிடித்தது இதுதான். நடப்பவன் ஊருக்கு ஊர் நின்று தங்கித்தான் ஆக வேண்டும்.

ஒன்று மட்டும். அழைத்து வரப்பட்டவர் சிரித்த முகம் மட்டும் காட்டினால் போதாது. கடலைப் பார்த்தே வளர்ந்த ஊர்களில் இன்று கடல் தெரியாதபடி கான்கிரீட் சுவர் நிற்கிறது. பிள்ளைகள் வெளியேறிவிட்டார்கள். அதையும் அவர் சொல்லட்டும். பழகிய மனிதர் சொன்னால் ஊர்க்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இஷினோமாகியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. எந்த ஊர் என்று அந்த அம்மா கேட்டார். தமிழ்நாடு, எங்களுக்கும் 2004-இல் சுனாமி வந்தது, காலேஜ் பையனாக நாகப்பட்டினம் பக்கம் ஒரு குப்பத்தில் பத்து நாள் வேலை செய்தேன் என்று அரைகுறை ஜப்பானியத்தில் பெருமையாகவே சொன்னேன். "இப்போது அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?" என்றார்.

அந்தப் பத்து நாளுக்குப் பிறகு நான் அங்கே போகவே இல்லை. வேளாங்கண்ணிக்கு மட்டும் நாலு தடவை போயிருக்கிறேன். குப்பத்துக்குப் பிரியும் ரோடு பஸ் ஜன்னலில் இருந்து தெரியும்.