நல்லவேளை, கட்டாயமாக்கினார்கள்

எங்கள் உயர்நிலைப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரே பட மழை. புலாவ் உபின் தீவில் இருக்கும் வெளிப்புறச் சாகசப் பயிற்சிப் பள்ளியான அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூருக்கு 2027-இல் அறுபது வயது நிறைகிறது. ஓபிஎஸ் என்றால்தான் நம் ஊரில் எல்லாருக்கும் புரியும். அந்தச் சாக்கில் ஒருவர் பழைய ஆல்பத்தைத் தூசி தட்டி எடுத்துவிட்டார். உயிர்காப்புச் சட்டை போட்ட பதினைந்து வயதுப் பிள்ளைகள், கையில் துடுப்பு, முகமெல்லாம் சேறு. படகுத்துறையிலிருந்து கடலில் குதிக்கும் அந்தப் பிரபலமான படமும் இருந்தது. அதில் ஆளே தெரியவில்லை, கால்கள் மட்டும்தான்.

"ஏய், உன்னைக் காணோமே?" என்று ஒருத்தி கேட்டாள்.

காணாதுதான். அந்த வாரம் நான் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். 1992. உயர்நிலை மூன்று. அப்போதெல்லாம் எல்லாரையும் அனுப்ப மாட்டார்கள், எங்கள் பள்ளியில் பொறுக்கி எடுத்துத்தான் அனுப்பினார்கள். வகுப்புத் தலைவி என்பதால் என் பெயரும் பட்டியலில் வந்தது. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. "பொம்பளப் பிள்ளை, அஞ்சு நாள், காட்டுக்குள்ளயா?" என்றார். அப்புறம் ஒவ்வொரு காரணமாக வந்தது. உப்புத் தண்ணீரில் முடி கொட்டும். நீச்சல் உடை போடச் சொல்வார்கள். அந்த நாட்கள் வந்துவிட்டால் என்ன செய்வாய்? கடைசியாக, உண்மையான காரணம்: "ஏற்கெனவே நிறம் கம்மி. வெயில்ல கறுத்துட்டு வந்து நின்னா?"

எனக்குச் சின்ன வயதில் ஒரே ஒரு முறை மூச்சிரைப்பு வந்ததுண்டு. பேட்டை கிளினிக்கில் அதைச் சொல்லி ஒரு கடிதம் வாங்கிவிட்டார் அம்மா. டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நூலகத்தில் அந்த வாரம் நாங்கள் நான்கு பேர். நால்வருமே பெண்கள், அதில் மூன்று பேர் தமிழ். ஆளுக்கு ஒரு கடிதம். ஒருத்திக்கு முதுகுவலியாம். இடைவேளையில் அவள்தான் எங்கள் எல்லாரையும் விட வேகமாக ஓடினாள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தமிழ்த் தம்பி, "எல்லாப் பிள்ளையையும் கட்டாயமாக முகாமுக்கு அனுப்புவது என்ன நியாயம் அக்கா? விருப்பம் உள்ளவர்கள் போகட்டுமே" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். விருப்பம் என்ற சொல் அவ்வளவு நல்லதாகக் கேட்கும். நான் கேட்டது ஒன்றுதான்: யாருடைய விருப்பம்?

1992-இல் அது விருப்பத்தின் பேரில்தான் நடந்தது. என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1967-ஐப் பாருங்கள். சுதந்திரம் கிடைத்து இரண்டே வருடம். அந்த வருடம்தான் ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சியைக் கொண்டுவந்த தேசிய சேவைச் சட்டத் திருத்தம் வந்தது. அதே வருடம்தான் டாக்டர் கோ கெங் சுவீ உபினில் ஓபிஎஸ்ஸைத் தொடங்கிவைத்தார். நாட்டின் தற்காப்பைக் கட்டியெழுப்பத் தொடங்கியவரும் அவர்தான். கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் நிறைந்த ஒரு துறைமுக ஊரை எப்படி உரம் ஏற்றுவது என்பதுதான் அப்போதைய கவலை. சரி, ஆண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கட்டாயம். எந்த அம்மாவும் கடிதம் கொடுத்து மகனை நூலகத்தில் உட்கார வைக்க முடியாது. என் அண்ணன் ராணுவப் பயிற்சி நடக்கும் புலாவ் தெக்கோங் தீவில் மழையில் குழி தோண்டிவிட்டுக் கன்னங்கரேலென்று வீட்டுக்கு வந்தபோது அம்மா கோழிக் குழம்பு வைத்துக் கொண்டாடினார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெண்பிள்ளைக்கு மட்டும் காடும் கடலும் "விருப்பப் பாடம்". வீட்டில் யார் விருப்பம் செல்லும் என்று நமக்குத் தெரியாதா?

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவுட்வர்ட் பவுண்ட் என்பதே கப்பல்காரர்கள் சொல். துறைமுகத்தை விட்டு வெளிக்கடலுக்குக் கிளம்பும் கப்பலைக் குறிப்பது. ஓபிஎஸ்ஸில் ஒவ்வொரு குழுவையும் 'வாட்ச்' என்று சொல்வதும் கப்பலிலிருந்து வந்த வழக்குதான். இதன் முதல் பள்ளி 1941-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, வேல்ஸில் அபர்டோவி என்ற கடலோர ஊரில் தொடங்கியது. ஹிட்லரை எதிர்த்ததற்காக 1933-இல் ஜெர்மனியில் சிறைக்குப் போய், பிறகு பிரிட்டனில் குடியேறிய கர்ட் ஹான் என்ற பள்ளி ஆசிரியரின் யோசனை அது. பணமும் ஆதரவும் கொடுத்தவர் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளி. குண்டடி பட்டுக் கப்பல் மூழ்கும்போது உயிர்காப்புப் படகில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், திடகாத்திரமான இளைஞர்கள் துவண்டுவிடுகிறார்கள் என்பது அவரை உறுத்தியிருக்கிறது. உடம்பில் பலம் இருந்தும் மனம் கைவிட்டால் என்ன செய்வது? அதற்கு ஒரு பள்ளிக்கூடம்.

அந்த ஹோல்ட் குடும்பத்தின் கப்பல்கள்தான் ப்ளூ ஃபனல். உயரமான நீலப் புகைபோக்கி. எங்கள் அப்பா அறுபதுகளில் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் கப்பல்களில் சாமான் ஏற்றி இறக்கியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் கிரேக்கக் கதை நாயகர்களின் பெயர். அப்பா வாயில் அகில்லீஸ் 'அக்கிலீசு' ஆகி, ஏதோ கும்பகோணத்துச் சொந்தக்காரர் பெயர் மாதிரி கேட்கும். நீலப் புகைபோக்கி தெரிந்தால் அன்றைக்கு ஓவர்டைம் நிச்சயம் என்பார். அந்த ஓவர்டைமில்தான் நாங்கள் படித்தோம். அதே கப்பல்காரர் போட்ட விதையில் முளைத்த பள்ளிக்கு மகளை அனுப்பலாமா என்று கேட்டபோது அப்பா பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மாகிட்ட கேளு" என்றார். அவருக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது நிலைமை வேறு. 2016-இல் கல்வி அமைச்சு வெளிப்புறச் சாகசக் கல்விக்கு ஒரு பெருந்திட்டம் அறிவித்தது. உயர்நிலை மூன்று மாணவர் அனைவருக்கும் ஐந்து நாள் ஓபிஎஸ், அதுவும் வேறு பள்ளிப் பிள்ளைகளோடு கலந்து. செய்தியைப் படித்தபோது என் மகளுக்கு எட்டு வயது. தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

மகள் 2023-இல் போனாள். (இதையெல்லாம் அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். இரண்டு வரிகளை நீக்கச் சொன்னாள், நீக்கிவிட்டேன்.) கிளம்பும் முன் எங்கள் அம்மா, இப்போது அவள் பாட்டி, அதே பல்லவியை ஆரம்பித்தார். நான் ஒன்றும் வாதாடவில்லை. "கட்டாயம்மா. கவர்மெண்டு சொல்லிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. முப்பது வருடம் முன்பு எனக்கு இல்லாமல் போனது இந்த ஒரு வரிதான். தைரியத்துக்கும் ஆசைக்கும் எனக்குக் குறைவில்லை. அம்மாவும் வில்லி இல்லை. சொந்தக்காரர்களும் அண்டை வீட்டாரும் என்ன சொல்வார்களோ என்று அவருக்குப் பயம். "என் கையில் இல்லை" என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. கட்டாயம் என்பது சில வீடுகளில் பிள்ளைக்கு மட்டுமில்லை, தாய்க்கும் விடுதலை.

ஐந்து நாள் கைப்பேசி கிடையாது. மூன்றாம் நாள் நான்தான் தூங்கவில்லை.

திரும்பி வந்தவளிடமிருந்து உப்பும் புகையும் கலந்த ஒரு வாடை. பையைத் திறந்தால் பாதி உபின் வீட்டுக்குள் கொட்டியது. பதிமூன்று மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும் படகுத்துறையில் குதித்த கதையைத்தான் சொல்வாள் என்று காத்திருந்தேன். அதை ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவள் நிறையப் பேசியது மெஸ் டின்னைப் பற்றி, அதாவது முகாமில் சமைத்துச் சாப்பிடும் தகரப் பாத்திரம். அடிப்பிடித்த சோற்றை மணலும் இலையும் வைத்துத் தேய்த்தது, அவளோடு தேய்த்த பெண் வீட்டில் ஒரு தட்டுகூடக் கழுவியதில்லை என்று ஒப்புக்கொண்டது, இன்னொருத்தி ஆறு பேர் உள்ள வாடகை வீட்டில் தினமும் சமைப்பவள் என்பதால் சட்டென்று குழுத் தலைவியே ஆகிவிட்டது. வகுப்பில் அந்தப் பெண்ணைத் தலைவியாக யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்றாள் மகள். எனக்கு இது போதும்.

இரண்டாம் நாளே அவளுக்கு மாதவிடாய் வந்துவிட்டதாம். பயிற்றுநர் பெண்மணியிடம் சொன்னாளாம். அவர் தேவையானதைக் கொடுத்து, "வலிக்கிறதா, துடுப்புப் போட முடியுமா?" என்று கேட்டாராம். முடியும் என்றாள், போட்டாள். என் அம்மா 1992-இல் மலையாகக் காட்டிய பிரச்சினை இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரியில் ஒரு பள்ளி முகாமில், உயரத்தில் நடக்கும் கயிற்றுப் பயிற்சியின்போது விபத்துக்குள்ளாகி ஒரு மாணவன் இறந்துபோனான். பதினைந்து வயது. அது ஓபிஎஸ்ஸில் நடந்ததில்லை, ஆனால் அன்றைக்கு நம் ஊரில் பிள்ளை வைத்திருந்த எந்த வீட்டிலும் சாப்பாடு இறங்கியிருக்காது. உயரப் பயிற்சிகளை அமைச்சு நிறுத்திவைத்தது, சரியான முடிவு. எல்லாரையும் கட்டாயமாக வரச் சொல்லும் அரசுக்கு, எல்லாரையும் முழுதாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் கடமை இரட்டிப்பு. எந்த ஆண்டு விழாவிலும் இந்தப் பேச்சைத் தவிர்க்கக் கூடாது. உண்மையாகவே நோயுள்ள பிள்ளைக்கும் உடற்குறை உள்ள பிள்ளைக்கும் விலக்கு ஒன்றையே பதிலாகத் தராமல், அவர்களுக்கும் ஏற்ற மாதிரி அமைத்துத் தர வேண்டும். நூலகம் எனக்கு நன்றாகத் தெரியும், அங்கே யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

பணம் உள்ள வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்கு ஓபிஎஸ் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. விடுமுறையில் நேபாளம் போய் மலை ஏறுவார்கள், சுவர் ஏறும் வகுப்புக்கு மாதக் கட்டணம் கட்டுவார்கள். விருப்பத்துக்கு விட்டால் கடைசியில் காடு அவர்களுடையதாகத்தான் ஆகும். மற்ற பிள்ளைகள் துணைப்பாட வகுப்பில் இருப்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் அறுபதாம் ஆண்டுக்கு ஒன்றுகூடல் பற்றிப் பேச்சு ஓடுகிறது. படத்தில் இருப்பவர்கள் மட்டும் வருவதா, எல்லாருமா என்று ஒரு சின்ன விவாதம். நூலக நால்வரில் இருவர் இப்போதும் தொடர்பில் இருக்கிறோம். நாங்களும் வருகிறோம் என்று எழுதிவிட்டேன்.

அதற்கு ஒத்திகை மாதிரி போன ஞாயிறு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு சாங்கி பாயிண்ட் படகுத்துறைக்குப் போனேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. ஐம்பது வருடத்துக்கு மேல் இந்தத் தீவில் இருக்கிறார், உபினுக்குப் போனதே இல்லை. பம்போட்டில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு எடுப்பார்கள். ஒன்பது பேர்தான் இருந்தோம். அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, படியில் இறங்கி வரும் ஆட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பேத்தி தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், தலையில் வைக்கவில்லை.

பன்னிரண்டாவது ஆள் ஏறியதும் படகு குலுங்கிக் கிளம்பியது. படகுக்காரர் காசு வாங்க வந்தார்.

"ஆளுக்கு நாலு வெள்ளியா?" என்றார் அம்மா. "திரும்பி வரவுமா?"